முந்நூற்றைம்பது வாட்

என் வீட்டுக்காரர் ஏசுராஜ் இருபத்திரண்டு வருஷமாக ஏற்காட்டு மலையில் இன்வெர்ட்டர் மாட்டிக்கொடுக்கிறார். மாட்டிக்கொடுக்கிறார் என்று சொல்வதுகூடப் பாதி உண்மைதான். ஒரு நாள் மாட்டுவார். மீதி நாளெல்லாம் அதில் இதைச் செருகாதே, அதைப் போடாதே என்று தொண்டை வறளக் கத்துவார். அந்தக் கத்தலில் பாதி என் பங்குக்கும் வந்துவிட்டது. கடை போனை எடுப்பது நான்தான்.

வருகிற போன் எல்லாம் ஒரே தினுசு. "அக்கா, இன்வெர்ட்டரு கீ கீன்னு கத்துதுங்க."

"என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடலீங்க்கா."

ஒன்றும் போடாமல் அது எதற்குக் கத்தப்போகிறது? அதற்கென்ன வயிற்றுவலியா? இரண்டு நிமிஷம் விடாமல் பிடித்தால் மெதுவாக வெளியே வரும். கெட்டில் மட்டும் போட்டோம், அயர்ன்பாக்ஸ் மட்டும் போட்டோம், கறி சூடு பண்ண அந்த மைக்ரோவேவ் அடுப்பை மட்டும் ஒரு நிமிஷம் போட்டோம். எல்லாம் 'மட்டும்'தான். கெட்டில் மட்டுமே ஆயிரத்தைந்நூறு வாட். மாட்டியிருப்பதோ எழுநூறு வாட் தாங்குகிற இன்வெர்ட்டர். கைப்பிள்ளை தலையில் அரிசி மூட்டையை ஏற்றிவிட்டு, ஏன் அழுகிறது என்று என்னிடம் கேட்கிறார்கள்.

அவர் ஆரம்பத்தில் பொறுமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சூடாக்குகிற சாமான் எதையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுக்காதீர்கள். மோட்டார் வைத்த சாமான் என்றால், ஓடும்போது எடுப்பதைப்போல இரண்டு மூன்று மடங்கு கரண்டைக் கிளம்பும்போது இழுக்கும், அதற்கும் இடம் விட்டு இன்வெர்ட்டர் வாங்குங்கள். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் போகிற வயர் தடியாக இருக்கட்டும், குட்டையாக இருக்கட்டும். பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் வையுங்கள். சுற்றிலும் காற்று போகட்டும். இவ்வளவுதான் அவருடைய வேதம். ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஃபாதர் சொல்வதையாவது நாலு பேர் கேட்கிறார்கள். இவர் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

இதில் இந்த மலைக்கென்றே ஒரு கூத்து உண்டு. ஜூன் மாதம் மழை பிடித்தால் டிசம்பர் முடிகிற வரைக்கும் இங்கே துணி காயாது. பனிமூட்டம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளே வந்து கொடியில் கிடக்கிற துணியை மறுபடி நனைத்துவிட்டுப் போகும். வீட்டில் இளஞ்சூடாக இருக்கிற ஒரே சாமான் இன்வெர்ட்டர். அப்புறம் என்ன, பள்ளிக்கூடத்துச் சாக்ஸ், உள்பாவாடை, தலைத்துண்டு எல்லாம் அதன் மேல்தான். காற்று போகிற ஓட்டையெல்லாம் அடைத்து, உள்ளே இருக்கிற சின்ன ஃபேன் மூச்சு முட்டி, இன்வெர்ட்டர் கொதித்து நின்றுவிடும். வாழவந்தியில் காளியாயி என்று ஒரு அம்மா. இன்வெர்ட்டரைக் கம்பளியால் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். இவர் போய்ப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அந்த அம்மா சாவகாசமாகக் கேட்டாராம், "நமக்கே இந்தக் குளுரு குளுருதுங்களே, பாவம் அதுக்குக் குளுராதுங்களா?" வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டு அரைமணி நேரம் சிரித்தார். அப்போதெல்லாம் அவரால் அரைமணி நேரம் சிரிக்க முடிந்தது.

சின்னசாமி விஷயத்தில்தான் சிரிக்க முடியவில்லை. சேலத்திலிருந்து வந்து ஏரிக்கு மேலே ஆறு ரூமோடு தங்கும் விடுதி கட்டினவர். சீசனில் கரண்ட் போனால் வெந்நீர் இல்லை என்று வந்தவர்கள் சண்டை போடுகிறார்கள், கீசரையும் இன்வெர்ட்டரில் கொடுத்துவிடு என்றார். இவர் முடியாது என்றார். ரூமுக்கு இரண்டாயிரம் வாட், ஆறு ரூம், அதற்கு ஜெனரேட்டர்தான் வைக்க வேண்டும் என்றார். சின்னசாமி வேறு ஆளைக் கூட்டிவந்து கொடுத்துவிட்டார். அந்த மே மாதமே சுவருக்குள் வயர் உருகிப் புகைந்து, ஒரு ரூமில் மெத்தை கருகியது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டு பூராவும் சின்னசாமி சொல்லிக்கொண்டு திரிந்தது என்ன தெரியுமா? ஏசுராஜ் ஒயரிங் சரியில்லை. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போவார்கள்.

இவருக்குக் கொரோனா வந்து போனது. போனதென்றுதான் நினைத்தோம். இருமல் போகவில்லை. ஏணியில் நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். சேலத்து டாக்டர் படமெடுத்துப் பார்த்து, நுரையீரல் தழும்பு பிடித்துப்போயிருக்கிறது, இனி பழையபடி ஆகாது என்றார். வீட்டிலேயே ஆக்சிஜன் மிஷின் வைத்து ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் பிடிக்க வேண்டும். விரலில் மாட்டிப் பார்க்கிற மீட்டரில் எண்பத்தெட்டுக்குக் கீழே இறங்கவிடக் கூடாது. இறங்கினால் இதயம் தாங்காது என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டும் சொன்னார்.

மிஷின் வந்து இறங்கியதும் எல்லோரும் டாக்டர் சீட்டைப் படிப்பார்கள். இவர் மிஷினைத் திருப்பி அதன் முதுகில் ஒட்டியிருந்ததைப் படித்தார். முந்நூற்றைம்பது வாட். கெட்டிலை வைத்துப் பார்த்தால் கொசு. ஆனால் கெட்டில் ஐந்து நிமிஷத்தில் அணைந்துவிடும், இது விடாமல் ஓட வேண்டும். உள்ளே கம்ப்ரஸர் இருக்கிறது, கிளம்பும்போது அதுவும் எகிறும். மூச்சு வாங்க வாங்க உட்கார்ந்து கணக்குப் போட்டார். வீட்டிலிருந்த சின்ன இன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டுப் பெரியது வைத்தார். வீட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பேட்டரி இரண்டையும் அப்படியே அதில் சேர்த்தார். ஃபிரிட்ஜ், மிக்ஸி, டிவி எல்லாவற்றையும் அந்த லைனிலிருந்து பிரித்தார். கட்டில் தலைமாட்டில் மிஷினுக்கென்று தனியாக ஒரு பிளக் பாயின்ட் வைத்தார். அதில் போன் சார்ஜர்கூடப் போடக் கூடாது என்றார்.

"புது பேட்டரின்னா ஏழு மணி நேரம் தாங்கும் செல்வி. நம்ம ஊட்டுது ரெண்டு வருசம் ஓடிருச்சு. ஆறுன்னு வெச்சுக்க."

ஆறு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனால்? அதற்கு ஒரு சின்ன சிலிண்டர் இருந்தது. தீர்ந்துபோனால் சேலத்துக்குக் கொடுத்தனுப்பி நிரப்பி வர வேண்டும். அப்படிக் கொடுத்தனுப்பின வாரத்தில்தான் புயல் வந்தது.

டிசம்பர் முதல் வாரம். இரண்டு நாள் விடாத மழை. சில்வர் ஓக் மரங்கள் எஸ்டேட் எஸ்டேட்டாகச் சாய்ந்தன. மலைப்பாதையில் இரண்டு கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து, சேலத்துக்கு பஸ் நின்றுபோனது. விடியற்காலை நாலு மணிக்கு கரண்ட் போனது. இன்வெர்ட்டர் ஒரு டிக் சத்தத்தோடு பிடித்துக்கொண்டது. மிஷின் நிற்கவில்லை, அவரும் விழிக்கவில்லை. நான் எழுந்து பார்த்துவிட்டுப் படுத்தேன்.

ஏழரை மணிக்கு, நான் அடுப்படியில் இருந்தபோது, இன்வெர்ட்டர் கீ என்று கத்தி நின்றது. அதோடு மிஷினும் நின்றது. மிஷின் நிற்கிற சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒன்றரை வருஷமாக வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த புஸ் புஸ் என்ற சத்தம் இல்லாமல் போகிறது, அவ்வளவுதான். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் கட்டில் விளிம்பில் ஊன்றி, தோள்பட்டை ஏறி இறங்க, மூச்சுக்கு நடுவில் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"மேல... ஏதாச்சும்... கெடக்குதா பாரு."

என்ன கிடக்கிறது என்று பார்க்காமலே தெரியும். நான்தான் போட்டேன். முந்தின நாள் சாயங்காலம், அவருடைய கம்பளி பனியனும் ஒரு துண்டும். மூன்று நாளாகக் காயவில்லை. ஈரத்தோடு போட்டால் சளி பிடிக்கும், இவருக்குச் சளி பிடித்தால் ஆஸ்பத்திரிதான். கொஞ்ச நேரம், கொஞ்ச நேரம் 'மட்டும்', என்று போட்டேன். இருபத்திரண்டு வருஷமாக ஊரிலுள்ளவர்களையெல்லாம் வாய் வலிக்கத் திட்டின குடும்பம். அதில் நான் இன்வெர்ட்டர்க்காரர் பெண்டாட்டி.

பனியனையும் துண்டையும் உருவி எறிந்தேன். பெட்டி தோசைக்கல்லாகச் சுட்டது. உடனே போடாதே, ஆறட்டும் என்று கையைக் காட்டினார். சுளகை எடுத்துவந்து விசிறினேன். ஒரு தடவை இன்வெர்ட்டருக்கு, ஒரு தடவை அவருக்கு. விரல் மீட்டர் எண்பத்தைந்து, எண்பத்துமூன்று என்று இறங்கியது. இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தில் எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் மறந்துபோய், மாதாவே மாதாவே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் அவர் தலையாட்ட, சுவிட்சைப் போட்டேன். மிஷின் ஒரு முக்கு முக்கிவிட்டு ஓட ஆரம்பித்தது.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊரில் யார் யாரையோ திட்டினவர், என்னைப் பார்த்து, "பனியன் காஞ்சிருச்சா?" என்றார். காய்ந்துதான் இருந்தது. எடுத்து அவருக்குப் போட்டுவிட்டேன்.

தண்ணீர் ஒரு வாய் குடித்ததும் அவர் கேட்ட அடுத்த கேள்வி, "பேட்டரில எத்தன கோடு காட்டுது?"

"ரெண்டுங்க."

லைன்மேனுக்குப் போன் போட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டு நிலைமை அவருக்குத் தெரியும். "அக்கா, பொய் சொல்ல மனசு வரலீங்க. மெயின் லைனே பாதைல நாலு எடத்துல அறுந்து கெடக்குது. ரெண்டு நாளு ஆகுமுங்க," என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றால் கீழே போகப் பாதையில்லை. இங்கே இருக்கிற ஆஸ்பத்திரியிலும் ஆக்சிஜன் தீர்ந்து, சேலத்து வண்டிக்குக் காத்திருக்கிறார்கள். மகளை ஈரோட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் போனில் அழுவதைத் தவிர என்ன செய்ய முடியும்?

ஏசுராஜ் கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போட்டார். அவர் கணக்குப் போடும்போது உதடு அசையும்.

"இன்னொரு ரெண்டு, ரெண்டரை மணி நேரம் ஓடும். இப்பவே ஓட்டித் தீத்துட்டா ராத்திரிக்கு ஒண்ணும் இருக்காது. பகல்ல உக்காந்துட்டா சமாளிச்சுக்குவேன். படுத்தாத்தான் எனக்கு முட்டும். மிசின நிறுத்திரு செல்வி. பொழுதோட போட்டுக்கலாம்."

"நிறுத்த மாட்டனுங்க."

"சொல்றதக் கேளு. கரண்டு பத்தலைன்னா தேவையில்லாத லோட கழட்டோணும். ஊர்ல எல்லார்த்துக்கும் இதத்தான சொல்றேன். நம்ம ஊட்ல இப்ப ஓடற லோடு நான் ஒருத்தன்தான்."

ஒரு மனுஷன் தன்னைப் பற்றிப் பேசுகிற பேச்சா இது? சலித்துப்போன குரலில், யார் வீட்டு ஃபிரிட்ஜையோ கழற்றச் சொல்வதுபோல் சொன்னார். ஒன்றரை வருஷமாக அவர் அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்தால் "உனக்கு நொம்ப வேலை," என்பார். ராத்திரி இருமினால் "உன்னத் தூங்க உடலை," என்பார். நானும் சளைத்துத்தான் போயிருந்தேன், இல்லையென்று சொல்லவில்லை. மிஷின் சத்தத்தில் தூங்கி, மிஷின் சத்தத்தில் எழுந்து, கடையில் ஊரார் புகாரைக் கேட்டு, என் உடம்பே பழைய பேட்டரி மாதிரிதான் ஆகிவிட்டது. அதற்காக, கழற்றி வைத்துவிடு என்று நான் எப்போதாவது கேட்டேனா?

"நீங்க வாய மூடிட்டு மூச்ச உடுங்க," என்றேன். "நான் வெளிய போய்ட்டு வர்றேன். மிசின் ஓடிட்டே இருக்கோணும்."

எங்கே போவது என்று வாசலைத் தாண்டும்போதுகூட எனக்குத் தெரியாது. ஜெனரேட்டர் வைத்திருக்கிற பெரிய ஓட்டல்கள் எல்லாம் ஊருக்கு அந்தப் பக்கம். அவற்றைத் தூக்கிக்கொண்டு வர முடியாது, இவரைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. தலையில் ஒரு பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நடந்தேன். நடக்க நடக்கத்தான் சின்னசாமியின் ஜீப் நினைவுக்கு வந்தது. மலையில் டென்ட் அடித்துத் தங்குகிறவர்களை அழைத்துப் போவதற்கு வைத்திருக்கிற ஜீப். அங்கே பாட்டுப்பெட்டி ஓட்ட, ஜீப் பேட்டரியில் ஓடுகிற இன்வெர்ட்டர் ஒன்றும் அதில் உண்டு என்று கடையில் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஏரிக்கு மேலே ஏறுவதற்குள் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. பாதையில் விழுந்து கிடந்த மரத்தின் மேல் ஏறி இறங்க வேண்டியிருந்தது. சின்னசாமி விடுதி வாசலில் நின்று, அடைத்துக்கொண்ட சாக்கடையைக் குத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கம்பு நின்றது. முகத்தில் ஒரு இறுக்கம். நியாயம் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

"சின்னசாமியண்ணா, அவருக்கு மூச்சு நிக்கப்போகுதுங்க. உங்க ஜீப்பு வேணுமுங்க."

அவ்வளவுதான் சொன்னேன். மேற்கொண்டு சொல்ல நிறைய யோசித்து வைத்திருந்தேன், கெஞ்சுவதற்கும் சண்டை போடுவதற்கும் இரண்டுக்குமாக. அவர் கம்பை அப்படியே சாக்கடையில் போட்டுவிட்டு, "ஏனுங்க அம்மிணி, இதுக்கு மழைல நடந்தா வருவாங்க? ஒரு போன் பண்ணியிருந்தா?" என்றார். இரண்டு வருஷம் பேசாதவருக்கு எப்படிப் போன் பண்ணுவது என்று வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். ஆள் கூப்பிட்டுக்கொண்டார், வெட்டுக்கத்தி எடுத்துக்கொண்டார், பாதையில் கிடந்த மரத்தை வெட்டி ஒதுக்கிக்கொண்டு நாங்கள் வீட்டு வாசலில் போய் நின்றபோது பத்தரை.

வீட்டுக்குள் சத்தமில்லை.

மிஷின் நின்றிருந்தது. பேட்டரி தீரவில்லை, இரண்டு கோடும் அப்படியே இருந்தன. கட்டில் தலைமாட்டு சுவிட்ச் அணைக்கப்பட்டிருந்தது. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கச் சற்று நேரம் பிடித்தது. விரலில் மீட்டரை மாட்டினேன். எழுபத்துநாலு.

சுவிட்சைப் போட்டேன். குழாயை மூக்கில் செருகினேன். இரண்டு தடவை தவறியது.

"ராத்திரிக்கு... வெச்சிருக்கேன்," என்றார். ஏதோ எனக்காகப் பலகாரம் எடுத்து வைத்தவர் மாதிரி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சின்னசாமி நிற்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை. யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள், ராத்திரிக்கு மிஷின் இருந்து நீங்கள் இல்லையென்றால் அதை நான் கட்டிக்கொண்டு படுப்பதா என்று கத்தினேன். கோபமில்லை அது, பயம். பயத்தை வேறு விதமாகக் காட்ட எனக்குத் தெரியாது. மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பது வந்தது, எண்பத்திரண்டு வந்தது. எண்பத்தாறு வந்த பிறகுதான் நான் தரையில் உட்கார்ந்தேன்.

சின்னசாமி ஓசைப்படாமல் வெளியே போய் ஜீப்பை ஜன்னலுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தி, தன்னுடைய இன்வெர்ட்டரை எடுத்துக் காட்டினார். ஆயிரம் வாட்டாம். ஏசுராஜ் மூக்குக் குழாயோடு தலையைத் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அதற்குள் உயிர் வந்துவிட்டது.

"சைன்வேவ்னு போட்டிருக்குதா பாருங்க. சீராக் கரண்டு வரலைன்னா மிசின் மோட்டாரு சூடேறும்."

"போட்டிருக்குதுங்க ஏசுராஜு."

"அத எங்க குத்தறீங்க?"

"சிகரெட்டு பத்த வெக்கற ஓட்டையிலீங்க. எப்பவும் அதுலதான் பாட்டுப்பெட்டி ஓட்டறது."

"அந்த ஓட்டை நூறு, நூத்தம்பது வாட்டு தாங்கும். மிசினப் போட்ட ஒடனே ஃபியூஸ் போயிரும். பானெட்டத் தூக்கி, பேட்டரியிலயே நேரா கிளிப்பு போடுங்க. தடி ஒயரு, கூட வந்தது இருக்குமே. அந்த ஒயரு ரெண்டு மொழத்துக்கு மேல வேண்டாம். ஊட்டுக்கு வர்ற ஒயரு எத்தன நீளம்னாலும் பரவால்ல. மாத்திப் போட்டா கொதிச்சுப்போகும்."

இவர் சொன்னதை அப்படியே செய்தார் சின்னசாமி. ஜீப்பைக் கிளப்பியதும் டீசல் புகை ஜன்னல் வழியாக நேரே கட்டிலுக்கு வந்தது. ஏசுராஜ் இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூச்சைக் காப்பாற்ற வந்து மூச்சை நிறுத்தப் பார்த்தோம். வண்டியை ரோட்டுக்கு அந்தப் பக்கம், காற்று எதிர்த்திசையில் போகிற இடத்துக்குத் தள்ளி நிறுத்தி, கடையிலிருந்த முப்பது மீட்டர் வயரை இழுத்து வந்தோம். இன்வெர்ட்டர் நனையாமல் முன் சீட்டில் வைத்தார்கள். மேலே எதையும் மூடவில்லை. அதை நான் போய் இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.

"ஆக்ஸிலேட்டரு கொஞ்சம் தூக்கி வெச்சுக்கங்க," என்றார் இவர். "சும்மா ஓடுனா பேட்டரி ஏறறதவிட எறங்கறது அதிகமாயிரும்."

ஜீப் அன்றைக்குப் பகல் ஓடியது, ராத்திரி ஓடியது, மறுநாளும் ஓடியது. எஞ்சின் சூடு தணிய வேண்டியபோது மட்டும் அரைமணி நேரம் வீட்டு பேட்டரியில் ஓட்டினோம். தெரிந்த வண்டிக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு டீசல் வாங்கி, கேனில் கொண்டுவந்து ஊற்றினார் சின்னசாமி. டிரைவர் சீட்டிலேயே போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கினார். சாப்பிட உள்ளே வந்தபோது ஒரு தடவை, "அன்னிக்கு அந்தக் கீசரு விசயத்துல..." என்று ஆரம்பித்தார். ஏசுராஜ் கையைத் தூக்கி நிறுத்தினார். "எஞ்சின் சத்தம் மாறுது பாருங்க, டீசலு கொறையுதாட்ட இருக்குது," என்றார். சின்னசாமி தட்டோடு எழுந்து ஓடினார்.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு கரண்ட் வந்தது. சின்னசாமி வயரைச் சுருட்டப் போனார். இன்னும் அரைமணி நேரம் ஜீப் ஓடட்டும் என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி என் முகம் இருந்திருக்காது.

மிஷினை ஜீப் வயரிலேயே ஓடவிட்டு, இருபத்திரண்டு வருஷம் பக்கத்திலிருந்து பார்த்த வேலைதானே என்று ஏசுராஜின் சாமான் பையை எடுத்தேன். மெயினை இறக்கினேன், இன்வெர்ட்டரையும் அணைத்தேன், டெஸ்டரை வைத்து விளக்கு எரியவில்லை என்று பார்த்துக்கொண்டேன். கட்டில் தலைமாட்டிலிருந்த பிளக் பாயின்டைக் கழற்றினேன். அவர் கை அதுவரைக்கும் எட்டும். எட்டுகிற இடத்தில் இனி அது இருக்கக் கூடாது. வயரை இன்வெர்ட்டரிலிருந்து சுவர் ஓரமாகவே கொண்டுபோய், வீட்டோடு ஒட்டின கடைக்குள், போனுக்குப் பக்கத்தில் நான் உட்காருகிற நாற்காலிக்குப் பின்னால் வைத்தேன். மிஷினும் இனி அங்கேதான். நீளக் குழாய் மட்டும் கதவு வழியாகக் கட்டிலுக்கு வரும். நிறுத்த வேண்டுமானால் என்னைத் தாண்டித்தான் நிறுத்த வேண்டும்.

கதவு திறந்திருந்தது. கட்டிலிலிருந்தபடியே அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்காகச் செய்கிறேன் என்று அவருக்கும் தெரியும். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன், அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். கடைசித் திருகை முடுக்கினேன்.

"செல்வி."

"என்னங்க?"

"பச்ச ஒயர உட்டுட்டயே."

பார்த்தேன். சிவப்பும் கறுப்பும் போய்ச் சேர்ந்திருந்தன, எர்த் வயர் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது.

"அது இல்லாட்டியும் மிசின் ஓடுமுங்களே," என்றேன், வீம்புக்கு.

"ஓடும். ஆனா எங்காச்சும் கசிஞ்சா, தொடறவங்களுக்கு ஷாக்கு அடிக்கும்." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். "இனிமேப்பட்டு அத நீதான தொடப்போற."

திருகை மறுபடி கழற்றி, பச்சையைச் சேர்த்து முடுக்கினேன்.